பிறக்காத தோல்

நாற வேண்டிய தோல் நாறவில்லை. ஆம்பூரில் காற்று நாறும், குழாய்த் தண்ணீர் நாறும், துவைத்துக் காயப்போட்ட துணிகூட மடித்து வைக்கும்போது நாறும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு பச்சைத் தோல், உப்புப் போட்டு நாலைந்து நாளாகியும் சுத்தமாகக் கிடக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? பொன்மலர் வழக்கம்போலத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பிளாஸ்டிக் தொட்டியின் மூடியைத் திறந்தாள். அப்புறம் துப்பட்டாவை இறக்கினாள். கொஞ்சம் குனிந்து மோந்து பார்த்தாள். வாடை இல்லாமல் இல்லை. வெதுவெதுப்பாக, லேசான இனிப்போடு, பால் குடித்துவிட்டுத் தூங்கும் கைக்குழந்தையின் உச்சந்தலையில் வருமே, அந்த வாடை. வேறு எங்கே வந்திருந்தாலும் ஆசையாக முகர்ந்திருப்பாள். வந்ததோ செத்த ஆட்டின் தோலிலிருந்து. மூடியை அழுத்திச் சாத்திவிட்டு ஓடிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தாள்.

இந்த ஊரை அவளுக்குப் பிடிக்காது. அதை அவள் யாரிடமும் மறைத்ததும் கிடையாது. பாகாயத்தில் மரங்களும் சர்ச் மணியுமாக வளர்ந்தவள், பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்து இங்கே வந்து மாட்டிக்கொண்டாள். குடியிருந்தது அமீர் பாஷாவின் வீட்டு மாடி. கீழே, வீட்டுக்குப் பின்னால் அவருடைய தோல் மண்டி. ஜன்னலைத் திறந்தால் உப்புத் தூவி அடுக்கிய ஆட்டுத் தோல்கள், அதன்மேல் கறுப்பாக அசையும் ஈக்கூட்டம், சாக்கடையில் மஞ்சளும் சிவப்புமாகத் தேங்கிய தண்ணீர், சுவரில் உட்கார்ந்து கொழுப்புத் துண்டைக் கிழித்துத் தின்னும் காக்காய்கள். காப்பி குடிக்கும்போதுகூட ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் குடிப்பாள். சாத்தினாலும் வரும், அது வேறு விஷயம்.

அவள் டாக்டர் பட்டத்துக்குச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சிக்கும் தோலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது சூரியனைப் பற்றியது. சூரியன் சில சமயம் கொப்புளம் உடைந்த மாதிரி துகள்களைக் கக்கும். அவை செயற்கைக்கோள்களின் உள்ளே புகுந்து அவற்றை முடமாக்கும். வடக்கே துருவத்தை ஒட்டி உயரமாகப் பறக்கும் விமானங்களின் கூரையைத் துளைத்து, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களின் உடம்புக்குள் இறங்கும். தரையில் இருக்கிற நமக்குப் பயமில்லை. காற்றும் பூமியின் காந்தமும் போர்வையாக மூடியிருக்கின்றன, ஆம்பூர்வரை அந்தப் புயலில் ஒரு தூசும் வந்து சேராது. இது எப்போது வரும், விமானத்தில் போகிறவர்மேல் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்காக வெளிநாட்டில் கணினி மாடல்கள் செய்து வைத்திருந்தார்கள். அவற்றில் மூன்றை எடுத்து, எது சொல்வது பலிக்கிறது, எது புளுகுகிறது என்று தரம் பிரிப்பதுதான் பொன்மலரின் வேலை.

அந்த 2003ஆம் வருஷம் அக்டோபர் கடைசியில் சூரியனுக்குப் பைத்தியம் பிடித்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து செயற்கைக்கோள் அனுப்பும் எண்களைப் பொன்மலர் இறக்கிப் பார்ப்பாள். வரைபடத்தில் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். மாடல்களோ ஆளுக்கு ஒன்று உளறின. ஒன்று இல்லாததை இருக்கிறது என்றது. ஒன்று வந்து போனபிறகு வரப்போகிறது என்றது. மூன்றாவது கடைசிவரை ஒன்றுமே இல்லை என்று சாதித்தது.

வேறு வருஷமாக இருந்தால் சிரித்துவிட்டு எழுதிவைத்திருப்பாள். இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தங்கை ஜெமிக்கு ஆறு மாத வயிறு. ஜெமி பாகாயத்தில் நர்ஸாக இருந்தவள். புருஷன் இவான் அமெரிக்காவில். முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்து, அப்புறம் பல வருஷம் கர்த்தரிடம் முட்டிபோட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளை இது. ஏழு மாதம் தாண்டினால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இப்போது போகாவிட்டால் புருஷன் முகத்தைப் பார்க்காமல்தான் பிரசவம். ஜெர்மனியில் மாறி ஏறும் விமானமோ வடக்கே வளைந்து போகிறது. "நீ அதத்தானேக்கா படிக்கிற? போலாமா வேணாமான்னு நீ சொல்லு. நீ சொன்னா சரி" என்று தலையில் பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டாள் ஜெமி.

அதற்காகத்தான் தோல். தாயின் வயிற்றைத் தாண்டிப் பிள்ளைமேல் எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடும்போது மாடல்கள் தாயைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளும். தண்ணீரும் தோலும் ஒன்றாகுமா? கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் கதிர்வீச்சை எண்ணும் பழைய கருவி ஒன்று இருந்தது. ஒவ்வொரு துகள் விழும்போதும் 'டக்' என்று சத்தம் போடும். அதோடு தீங்கில்லாத ஒரு சின்னக் கதிர்மூலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிஜத் தோலை வைத்துப் பார்த்துவிடலாம் என்று அமீர் பாஷாவிடம் கேட்டாள். "பாய், மெல்லிசா ஒரு பச்சைத் தோல் வேணும். பொறக்காத புள்ளைக்கு எவ்ளோ படுதுன்னு பாக்கணும்" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கின்னா டீச்சரம்மா, பாத்து எடுத்தாறேன்" என்று போனார். மறுநாள் வாழையிலையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. முடியே இல்லாதது.

கருவியைக் கல்லூரியிலிருந்து மாடிக்குத் தூக்கி வந்து, தொட்டியில் உப்பைப் பரப்பித் தோலை விரித்து, மேலே ஸ்டாண்டில் அதைப் பொருத்தினாள். கதிர்மூலம் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குள் கருவி எண்ண ஆரம்பித்துவிட்டது.

எங்கேயும் எப்போதும் கொஞ்சம் விழும், அது சகஜம். மண்ணிலும் சுவரிலும் இருப்பது. இது அப்படியில்லை. தோலை எடுத்தால் சத்தம் குறைந்தது. உப்பை மட்டும் வைத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. தோலைத் திரும்ப விரித்தால் அடைமழை. கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று திட்டிக்கொண்டே கோடு போட்டு வைத்தாள். மறுநாள் பிரௌசிங் சென்டரில் செயற்கைக்கோளின் கோட்டைப் பார்த்தவள் தன் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே ஏற்றம், அதே மேடு, அதே பள்ளம். ஆனால் சூரியன் இன்றைக்குக் கக்கியதை அந்தத் தோல் நேற்றைக்கே எண்ணி முடித்திருந்தது. தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அப்படியேதான். அதற்கடுத்த நாளும்.

மூன்று மாடல்களும் தோற்ற இடத்தில் ஒரு ஆட்டுத் தோல் ஜெயித்துக்கொண்டிருந்தது. இதை எந்த ஆய்வேட்டில் எழுத? நினைக்கவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

பால் வாடை அடித்த அன்றைக்குத்தான் அவள் கீழே இறங்கிப் போனாள். நோன்பு மாதம். அமீர் பாஷா மண்டி வாசலில் நாற்காலி போட்டு வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"பாய், நீங்க குடுத்தது இன்னா தோலு? நாத்தமே இல்லியே."

"நாறாதும்மா. அது உலகத்த பாக்காததாச்சே" என்றார் அவர். "சினை ஆட்ட அறுத்தா உள்ள இருக்கும் பாருங்க, வயித்துக் குட்டி. அதோட தோலு. ரொம்ப மெல்லிசு, கிளவுஸுக்குன்னு வாங்குவாங்க."

பொன்மலர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அத கேக்கலியே பாய்!"

"நீங்கதானே டீச்சரம்மா சொன்னீங்க? பொறக்காத புள்ளைக்குன்னு." அவருக்கு நிஜமாகவே வருத்தம். "பேஜாரா இருந்தா குடுத்துடுங்க. குழில போட்டு மூடிர்றேன்."

அப்போதே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். கொடுக்கிறேன் என்று சொல்ல வாயும் திறந்தாள். ஆனால் ஜெமியின் பயணத்துக்குச் சில நாள்தான் பாக்கி, நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே சொல்கிற ஒன்று மாடியில் கிடக்கிறது. "இருக்கட்டும் பாய்" என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள். அந்தத் தோலை வெறும் விரலால் நீவி, சுருக்கம் எடுத்து, ஓரம் இழுத்து விரித்த ஞாபகம் படியேறும்போது வந்தது. குளியலறைக்குப் போய் மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜெமி வந்தாள். வெள்ளைச் சுடிதாரில், முதுகைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறிக் கட்டிலில் சாய்ந்தாள்.

"கீழ்வீட்ல கைக்கொழந்த இருக்காக்கா? பால் வாசன வருதே."

"ஆம்பூருக்கு வந்து வாசன கண்டுபிடிச்ச ஒரே ஆளு நீதான்டி" என்று பொன்மலர் சிரித்துவைத்தாள். தொட்டி, கட்டிலுக்குப் பின்னால் மேஜைமேல் மூடிக் கிடந்தது. கருவி காலையிலிருந்தே கடகடவென்று எண்ணிக்கொண்டிருந்தது. ஜெமி உட்கார்ந்ததும் சத்தம் நெருங்கியது. டக்குக்கும் டக்குக்கும் இடைவெளியில்லாமல், வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி.

"இன்னாக்கா அது?"

"மிஷினு. பழசு."

"அய்யோ, உதைக்கிறான் பாரு!" ஜெமி கண்ணெல்லாம் சிரிப்பாக அவள் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். துணிக்குக் கீழே, இறுகிய தோலுக்குக் கீழே, சின்னதாக ஒரு முட்டல். பின்னால் ஒரு 'டக்'. இன்னொரு முட்டல், இன்னொரு 'டக்'. பொன்மலர் கையை எடுத்துக்கொண்டாள். இப்போது கருவி அடைமழை மாதிரி எண்ணவில்லை. நிறுத்தி நிறுத்தி, உதைக்கு ஒன்றாக எண்ணியது. "வா, வெளிய காத்தாட உக்காரலாம்" என்று தங்கையைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். அங்கே போனதும் குழந்தை அடங்கிவிட்டது. அறைக்குள் கருவியும் அடங்கிவிட்டது.

"சரி, சொல்லு. நாளைக்கு ராத்திரி பிளைட்டு. போலாமா?"

அன்றைக்கு அதிசயமாக மூன்று மாடல்களும் ஒரே பாட்டைப் பாடியிருந்தன. அமைதி, அமைதி, அமைதி. இத்தனையையும் கக்கிய அந்தப் பொல்லாத கரும்புள்ளியும் பூமியைப் பார்க்காமல் சூரியனின் ஓரத்துக்குத் திரும்பிவிட்டது. உலகத்தில் இருக்கிற எந்த விஞ்ஞானியைக் கேட்டாலும் போகச் சொல்வான். போகாதே என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். அது வயிற்றுக்குட்டியின் தோல். அதைச் சொல்லி ஒரு பிரயாணத்தை நிறுத்துவதா? இவானிடம் என்னவென்று சொல்வது? ஆட்டுத் தோல் குறி சொல்லிற்று, அதனால் உன் பெண்டாட்டியை அனுப்பவில்லை என்றா? வெட்கம் ஒரு பக்கம், அதைவிட அருவருப்பு. அந்த ஈரச் சனியனின் பேச்சைத் தன் தங்கை பிள்ளையின் விஷயத்தில் நுழையவிடுவதே தீட்டு மாதிரி இருந்தது அவளுக்கு.

"ஒண்ணும் ஆவாது. போய்ட்டு வா" என்றாள்.

ஜெமி அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிய பொன்மலர், மறுபடியும் கடகடக்க ஆரம்பித்திருந்த கருவியின் மேல் ஒரு போர்வையைப் போட்டுச் சத்தத்தை அமுக்கினாள். போர்வைக்குள்ளேயும் அது எண்ணியது. அடுத்த நாளும் எண்ணியது, ஜெமி விமானம் ஏறுகிறவரை.

செவ்வாய்க்கிழமை காலையில் இவான் போன் செய்தான். ஜெமி ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டாளாம், நன்றாக இருக்கிறாளாம், அடுத்த விமானத்துக்கு உட்கார்ந்திருக்கிறாளாம். பொன்மலருக்கு உயிர் வந்தது. வகுப்பில்கூட அன்றைக்குச் சிரித்துப் பேசினாள். கல்லூரி விட்டு வருகிற வழியில் பிரௌசிங் சென்டரில் ஏறி உட்கார்ந்து, அந்தச் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக, படம் இறங்கியது. ஓரத்துக்குப் போன புள்ளி ஓரத்திலிருந்தே கக்கியிருந்தது. கோடு செங்குத்தாக ஏறி, ஒரு இடத்தில் அப்படியே அறுந்துபோயிருந்தது. அதற்குமேல் எண் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோளின் கண்ணே அவிந்துவிட்டிருந்தது. மாடல்கள் மூன்றும் இன்னும் அமைதி, அமைதி என்று பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தன. ஜெமியின் விமானம் இந்நேரம் வடக்கே, பனிக்கடலுக்கு மேலே.

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நோன்பு திறக்கும் நேரம். தெருவில் ஆளில்லை. சைரன் ஊதி ஓய்ந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் கஞ்சியின் நெய் மணம் வந்தது, அதற்கு அடியிலேயே மண்டியின் அழுகல், சுண்ணாம்பு, ஈரமயிர், சாக்கடை எல்லாம் கலந்து வந்து நாக்கில் ஒட்டியது. துப்பினாள். துப்பத் துப்ப ஊறியது. மாடிப்படியில் பாதியில் அந்த நாற்றமெல்லாம் கத்தரித்த மாதிரி நின்றுபோய், பால் வாடை மட்டும் இருந்தது.

கதவைத் திறந்தாள். ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

சத்தம் இல்லை.

போர்வையை இழுத்துப் போட்டாள். கருவியின் விளக்கு எரிந்தது. முள் அசையவில்லை. மண்ணில் இருப்பது, சுவரில் இருப்பது, எப்போதும் விழும் அந்தக் கொஞ்சம்கூட விழவில்லை. எண்ண வேண்டியதையெல்லாம் எண்ணி முடித்துவிட்டது.

போதும். கீழே கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்துவிட வேண்டும். குழி தோண்டட்டும். சுண்ணாம்பைக் கொட்டட்டும். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

கனத்தது.

கைக்குட்டை மாதிரி தோல். ஒரு பிடி உப்பு. அவ்வளவுதான் அதில். கனத்தது. அடிப்பக்கம் சூடாக இருந்தது. உள்ளே எதுவோ ஒரு பக்கமாகச் சரிந்து, தொட்டியின் சுவரில் மெத்தென்று இடித்தது.

போன் அடித்தது.

தொட்டியோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கை தானாக ரிசீவரை எடுத்தது.

"அக்கா?" ஜெமி. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, நடுவில் மணல் உரசுகிற சத்தம். "பிளேன்லேர்ந்து பேசறேன்க்கா. சீட்லயே போன் இருக்கு."

"ஜெமி, நல்லா இருக்கியாடி? வலி எதனா?"

"வலி இல்ல. ரத்தமும் இல்ல. பாத்ரூம் போய்ப் பாத்துட்டேன்." மணல் சத்தம். "தூங்கி எழுந்தேன்க்கா. லேசா இருக்கு."

"இன்னாது?"

"வயிறு. பெல்ட்டு லூசா கெடக்குது. கைய வெச்சா தட்டையா இருக்குக்கா. எங்க போச்சு? நான் நர்ஸுக்கா, எனக்குத் தெரியாதா? ஒண்ணும் வெளிய வர்ல. எங்கக்கா போச்சு?"

பொன்மலரின் மடியில் மூடி மேலே எழும்பியது. ஒரு பக்கம் தூக்கி, வழுக்கி, தரையில் விழுந்து உருண்டது. உப்பு நனைந்து சேறாகிக் கிடந்தது. அதன் நடுவில் தோல் விரிந்து கிடக்கவில்லை. சுற்றி வளைந்து மூடிக்கொண்டிருந்தது. தையல் இல்லை, வாய் இல்லை. நிறைந்திருந்தது. உள்ளேயிருந்து முழங்கால் ஒன்று தோலைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. அப்புறம் ஒரு கை. குளம்பு இல்லை. ஐந்து விரல். மெல்லிய அந்தத் தோலுக்கு அடியில் ஒவ்வொன்றாக மடங்கி, ஒவ்வொன்றாக நீண்டன.

அவளுக்குக் கத்த வந்தது. கத்தினால் ஜெமிக்குக் கேட்டுவிடும். தள்ளிவிடவும் கை வரவில்லை. அது ஜெமியின் பிள்ளை.

"அக்கா, பேசேன். அக்கா?" ஜெமி அழுதாள். அப்புறம் அழுகையை விழுங்கிக்கொண்டு, குரலை மாற்றி, தன் வெறும் வயிற்றிடம் பேச ஆரம்பித்தாள். "கண்ணு, எங்கடா இருக்க? அம்மாடா. அம்மா பேசறேன். ஒரே ஒரு தடவ அசைடா ராஜா."

ரிசீவர் பொன்மலரின் கையிலிருந்து வழுக்கித் தொட்டியின் ஓரத்தில் தொங்கியது. தோலுக்குள் உருண்டையாக இருந்த பகுதி மெல்ல, மிக மெல்ல, குரல் வந்த பக்கம் திரும்பியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. கீழே தோல் உள்வாங்கியது, விட்டது, மறுபடியும் உள்வாங்கியது. அம்மா, அம்மா என்று குரல் வரும்போதெல்லாம் அது ரிசீவரின் கறுப்பு ஓட்டைகளை முட்டி முட்டிச் சப்பியது.